முன்னால் நடக்கிறவர்

“இன்னைக்கும் செத்துட்டேன்ட்டி” என்றார் என் வீட்டுக்காரர் போனில், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி. ராணுவத்தில் இருக்கிறவர் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தாமிரபரணியில் வீசியிருப்பேன்.

விஷயம் இதுதான். கண்ணிவெடி தேட அவருடைய பிரிவுக்கு ரோபோ வருகிறது. அதோடு வேலை செய்ய முதலில் ஓர் அறைக்குள் பயிற்சி. கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டினால் காடும் பாதையும் தெரியுமாம். ரோபோ முன்னே போகும், இவர் பின்னே போக வேண்டும். இதைக்கூடச் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போய் வெடியை மிதித்துவிடுகிறார்.

காரணம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள் முதல் அவர் முதுகைப் பார்த்துத்தான் நடக்கிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டானாலும் திருச்செந்தூர் கோயிலானாலும் அவர் முன்னே, பைகளோடு நான் பின்னே. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு அது ஊறிப்போன பழக்கம். கண்ணாடிக்குள் வெடிப்பது பொய் வெடி. வெளியே இதே பழக்கத்தோடு போனால்?

லீவில் வந்தவரை ஆற்றங்கரைப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“இன்னைக்கு நாந்தான் ரோபோ. பின்னால வாங்க.”

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, அவர் செருப்புச் சத்தம் என்னைத் தாண்டியது. “பின்னால!” என்று கத்தினேன். பின்னால் போனார். மறுபடியும் தாண்டினார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை அப்படியே போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மானம் போனது.

“பின்னால வந்தா கிரீடம் இறங்கிருமோ? ஏன் இப்படிச் செய்யுதீய?”

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “பாதையில பாம்பு கிடக்கும், நாய் நிக்கும். யாரையும் முன்னால விட்டு எனக்குப் பழக்கமில்ல. முன்னால போறது சிதறினாலும் சிதறட்டும்னுதான் ரோபோவ அனுப்புதோம். அந்த எடத்துல உன்னை நிறுத்தி எப்படிட்டி பழக?”

இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் விடுவிடென்று நடந்தவரை என்ன செய்வது? எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

“அது நானில்ல” என்றேன். “அது போனா இன்னொண்ணு வாங்குவாவ. நீங்க போனா நான் எங்க போய் வாங்க?”

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். முன்னால்தான். ஆனால் அன்றைக்கு வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.