ஈஸ்டருக்குப் பிறகும் முடியாத நோன்பு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மா செய்த கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, என் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள்.

"பொண்ணு கருப்புங்க, அது கெடக்கட்டும். ஒடம்பாச்சும் கொஞ்சம் ஒல்லியா இருந்திருக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். வாய் நிறையக் கேசரி இருந்ததால் அதைச் சொல்லி முடிக்க அவருக்குச் சற்றுச் சிரமமாக இருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். நிறத்துக்குப் பவுடர் பூசிப் பார்த்தாயிற்று, பலனில்லை. உடம்பைக் குறைப்பது மட்டும் என் கையில் இருந்தது.

மறு வாரமே ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. கத்தோலிக்க வீட்டில் பட்டினி கிடக்க அதைவிட வசதியான காலம் ஏது? காலையில் பால் இல்லாத காபி, மாலையில் அரை டம்ளர் மோர். காரிமங்கலத்தில் எங்கள் தெருவே என் பக்தியை மெச்சியது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினார். நான் தலைசுற்றலை அடக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தேன். அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் வந்தது. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார், என் பசி எழவில்லை. கறிக்குழம்பைப் பார்த்தாலே தட்டைத் தள்ளி வைத்தேன். களி உருண்டையைத் தாவணியில் மறைத்துக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன். அந்தக் கோடையில் ஊரிலேயே நன்றாகத் தேறிய ஜீவன் அதுதான். நாற்பது நாள் பக்தியாக இருந்த பட்டினி, ஒரே வாரத்தில் பேய் பிடித்த கதையாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வேப்பிலையோடு வந்தாள். சித்தப்பா காதல் விவகாரமா என்று தனியாக விசாரித்தார்.

ஒருநாள் தருமபுரியில் டைப்ரைட்டிங் வகுப்பில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "ஒண்ணுமில்லீங்க, சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணி வைங்க. தானா சாப்புடும்" என்றார். நோய் வந்த இடத்திலிருந்தே மருந்தையும் வாங்கிக்கொள்ளச் சொன்ன மேதை.

குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸ் நல்லம்பள்ளிப் பக்கத்துக்காரர். என்னைவிடக் கருப்பு. அம்மா காபி வாங்கப் போயிருந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

"சோத்தப் பாத்தா பயமா இருக்குதா?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "ஆமாங்க சிஸ்டர்" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

"எனக்கும் இருந்துச்சு. டிரெயினிங் ஹாஸ்டல்ல ரெண்டு வருசம். எளச்சு அழகாயிட்டேன்னு எல்லாரும் பாராட்டுனாங்க."

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் வகுப்பு முடிந்து அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவர் என் தட்டைப் பார்க்கவே மாட்டார், வார்டு கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் வியாழன் மூன்று வாய் ரசம் சோறு. அதற்கே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"நம்ம கருப்புக்குச் சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவையும் வரச் சொன்னார். "அவ தட்டையே பாத்துக்கிட்டு நிக்காதீங்கம்மா. நீங்களும் கூட உக்காந்து சாப்புடுங்க."

எங்கள் வீட்டில் எல்லோரும் தின்று முடித்த பிறகு மிஞ்சியதைத் தின்பவள் அம்மா. மறுநாள் மத்தியானம் முதல்முறையாக எனக்கு எதிரில் தட்டோடு உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நான் பாதி உருண்டை களி தின்றேன். முழு உருண்டைக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.