வட்டத்துக்குள் நின்ற வெள்ளிக்கிழமை

போன வாரம் அடைமழை. பேரனுடைய பள்ளிக்கூடச் சட்டை காயவில்லை என்று மருமகள் ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நடுவில் போன் வந்துவிட்டது போல. லேசாகக் கருகின பருத்தித் துணி வாசம் கூடத்துக்கு வந்தது. அவ்வளவுதான், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வலது கை தானாக நெஞ்சுப் பக்கம் போய்ச் சட்டைப்பையைத் தடவுகிறது.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று என் வீட்டுக்காரி பதறிவிட்டாள்.

"இல்ல, விசிலத் தேடுறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த விசில் அரபு நாட்டில், ஜுபைலில் எனக்குக் கொடுத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் பைப் ஃபிட்டருக்கு ஹெல்ப்பராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்த ஆள் நான். அப்படிப்பட்டவன் எப்படி நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் தீயணைப்புக் குழுவுக்கு லீடரானேன் என்று கேட்டால், சிரிக்கக் கூடாது, என் தொண்டைதான் காரணம். கேம்ப்பில் தொழுகைக் கொட்டகை என்று தகரம் போட்ட ஒரு இடம் உண்டு. அங்கே ஐந்து வேளையும் நான்தான் பாங்கு சொல்லுவேன். மைக் கிடையாது. ஆனாலும் கடைசி பிளாக் வரைக்கும் கேட்கும். ஒருநாள் சேஃப்டி ஆபீசர், ஒரு எகிப்துக்காரர், அதைக் கேட்டுவிட்டு வந்து என் தோளில் தட்டி, "யூ லீடர்" என்று சொல்லிவிட்டுப் போனார். படிப்பு கேட்கவில்லை, பலம் கேட்கவில்லை. தலையில் ஒரு வெள்ளை ஹெல்மெட், பையில் ஒரு விசில்.

சம்பளம் கிடையாது, எல்லாம் நாமாக விரும்பிச் செய்கிற வேலை. வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்தால் பயிற்சி. தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடிக்கிறவன் ஒருத்தன், பின்னால் குழாயைத் தாங்குகிறவன் ஒருத்தன், வால்வு திறக்க ஒருத்தன், கரண்ட்டை நிறுத்த ஒருத்தன், ஆட்களின் பேரைக் கூப்பிட ஒருத்தன். லீடருக்கு என்ன வேலை என்றால், நிற்கிற வேலை. கேம்ப் நடுவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். எங்கே தீப்பிடித்தாலும் லீடர் அந்த வட்டத்தில்தான் நிற்க வேண்டும். புகைக்குள் கண் தெரியாமல் வெளியே வருகிறவனுக்கும், சேதி கொண்டு வருகிறவனுக்கும் லீடர் எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது அல்லவா. "லீடர் நோ மூவ். லீடர் மூவ், கல்லாஸ்!" என்று அந்த எகிப்துக்காரர் கழுத்தை அறுக்கிற மாதிரி விரலால் காட்டுவார்.

முதல் பயிற்சி அன்றைக்கே கருப்பையா ஆரம்பித்துவிட்டார். "பம்பரத்தை வட்டத்துக்குள்ள வச்சாச்சு. இனி ஆளாளுக்கு வந்து குத்து வைப்பாங்க. பாத்துக்கங்க பாய்!"

கருப்பையா சிவகங்கைப் பக்கம். வெல்டர். எங்கள் குழுவில் குழாய் முனை அவர் கையில். எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே வேலை செய்கிற மனுஷன். கும்மிப்பாட்டு, தெம்மாங்கு, கோயில் திருவிழாவில் கேட்டது என்று எல்லாம் வரும். எங்கள் குழுவில் பெங்காலி, பாகிஸ்தானி, மலையாளி எல்லோரும் இருந்ததால் கட்டளைக்கு ஒரே ஒரு சொல்தான் வைத்திருந்தோம்: "பானி." நான் பானி என்று சொன்னால் வால்வு திறக்கும். சொல்லாத வரைக்கும் ஒரு சொட்டு வரக் கூடாது. காரணம், கரண்ட் நிற்பதற்கு முன்னால் தண்ணீர் அடித்தால் குழாயைப் பிடித்திருக்கிறவன் செத்தான்.

இன்னொரு ஏற்பாடும் எங்களுக்குள் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நோன்பு மாதத்தில் நோன்பு வைத்தவன் கையில் குழாய் முனையைக் கொடுப்பதில்லை. அந்த மாதம் முழுக்கப் புகைக்குப் பக்கத்தில் போகிற வேலையெல்லாம் கருப்பையா மாதிரி ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் ஆட்கள் அவர்களுடைய இடத்தில் நிற்பார்கள். கேட்டால் கருப்பையா, "பட்டினி கெடக்குற மனுசன நெருப்புக்கிட்ட அனுப்பலாமா பாய்? பாவம்ல" என்பார். அந்தப் பாவம் யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் நோன்பு குளிர் காலத்தில் வந்தது. பாலைவனத்தில் குளிரா என்று நினைப்பீர்கள். ஜுபைல் குளிர் எலும்பில் ஏறும். ரூமுக்கு ரூம் கம்பிச்சுருள் ஹீட்டர். துவைத்த கைலி காயாது. உடனே ஹீட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு அதில் கைலியை விரித்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போய்விடுவார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "இந்தா வந்துர்றேன் பாய்" என்பார்கள்.

நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பொறுப்பு ஜாபருக்கு. ஜாபர் என் தங்கச்சி மாப்பிள்ளை. நான்தான் விசா எடுத்து அவரை அழைத்துப் போனேன். கிளம்புகிற அன்று என் தங்கச்சி வாசலில் நின்று, "காக்கா, நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன்" என்றாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு பேச்சு எனக்கு அங்கே இருந்த வருஷமெல்லாம் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஜாபருக்குத் தும்மல் வந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. நோன்பு முடிந்ததும் ஊருக்குப் போக அவருக்கு லீவு பாஸாகியிருந்தது. சாமான் எல்லாம் வாங்கிக் கட்டிலில் கட்டி வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஸர் தொழுது சலாம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கிற வாசம், இஞ்சியும் வெந்தயமுமாக. அந்த வாசத்துக்குள்ளே இன்னொரு வாசம் நுழைந்தது. கருகின துணி. நான் தலையைத் திருப்புவதற்குள் யாரோ, "ஆக்! ஆக்!" என்று கத்தினார்கள். இந்தியில் தீ என்று அர்த்தம்.

மூன்றாம் பிளாக். மரப்பலகையில் செய்த ரூம்கள், வரிசையாக ஒட்டி ஒட்டி. நடு ரூம் ஜன்னலிலிருந்து கறுப்புப் புகை சுருண்டு வருகிறது. ஓடினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வட்டத்துக்குள் வந்து நின்றேன். நான் வந்து நிற்பதற்குள் கருப்பையா குழாயை உதறி விரித்து முனையைக் கையில் பிடித்துவிட்டார். கரண்ட்டை நிறுத்துகிற மலையாளி வர்கீஸ் பிளாக்குக்குப் பின்னால் மெயின் போர்டுக்கு ஓடுகிறார். மூன்றாம் பிளாக் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். எல்லாரும் "ஹாஜிர், ஹாஜிர்" என்கிறார்கள். ஜாபர் பேருக்கு மட்டும் சத்தம் இல்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். இல்லை.

"ஜாபர் பாய் தன் ரூமுக்குள்ள போனாரே, அந்த நடு ரூம்தான்! உப்பு எடுக்கணும்னு போனாரு, நான் பாத்தேன்" என்றான் ஒருத்தன்.

தங்கச்சி வாசலில் நின்ற கோலம்தான் கண்ணுக்குள் வருகிறது. கால் முன்னால் போகப் பார்க்கிறது. மஞ்சள் கோட்டைப் பார்க்கிறேன். வர்கீஸிடமிருந்து சைகை வரவில்லை. போர்டின் பூட்டு துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, கல்லால் இடித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது.

"பாய், பானி சொல்லுங்க!" கருப்பையா கத்துகிறார்.

"நில்லுங்க. கரண்ட் இருக்கு."

"யோவ், உள்ள கெடக்குறது உம்ம மச்சான்யா! மரம் மாதிரி நிக்கிறீரே!" வரிசையிலிருந்து எவனோ திட்டினான். நியாயம்தான். வெளியே பார்க்கிறவனுக்கு நான் மரம்தான். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் வேறு ஓதல் வரவில்லை.

கருப்பையா குழாய் முனையைப் பின்னால் இருந்த பெங்காலி கையில் கொடுத்தார். ஒரு துண்டை வாளியில் முக்கி முகத்தில் கட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் கருப்பையா. தண்ணி இல்லாம உள்ள போகக் கூடாது. நான் சொல்றேன், போகாதீங்க."

"நீங்க வட்டத்துக்குள்ள நில்லுங்க பாய். நான் வெளிய இருக்குறவன்" என்று சொல்லிவிட்டு மண்டி போட்டு அந்தக் கதவுக்குள் நுழைந்துவிட்டார்.

இப்போது இரண்டு பேர் உள்ளே. ஒருத்தர் என் தங்கச்சி புருஷன். இன்னொருத்தர் எவளோ ஒரு தங்கச்சியின் புருஷன். அவள் என்னை நம்பி அனுப்பவில்லை, என்னை அவளுக்குத் தெரியவே தெரியாது.

வர்கீஸ் பிளாக் முனையில் வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கரண்ட் நின்றுவிட்டது. விசிலை வாயில் வைத்தேன். நோன்பு வாய், எச்சில் இல்லை, காற்றுதான் வருகிறது. துப்பி எறிந்துவிட்டு, "பானீ!" என்று கத்தினேன். தண்ணீர் பாய்ந்தது. புகை கறுப்பிலிருந்து வெள்ளையாகி இன்னும் கெட்டியாகிவிட்டது. கதவே தெரியவில்லை.

அப்போது என் முழங்கையைத் தொட்டு ஒரு குரல்: "மச்சான், பயப்படாதீங்க. கஞ்சி பத்திரமா இருக்கு."

திரும்பினால் ஜாபர். கையில் நீளக் கரண்டி.

விஷயம் என்னவென்றால், உப்பு எடுக்க ரூமுக்குப் போனவர் பின்வாசல் வழியாக அடுப்புக்கே போயிருக்கிறார். தீ என்று சத்தம் கேட்டதும் சிலிண்டரை மூடிவிட்டு, இன்னொரு ஆளோடு சேர்ந்து தேக்சாவின் காதில் கம்பைக் கோத்துத் தூக்கி, தண்ணீர் லாரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் துணி போட்டு மூடிக் காவல் நின்றிருக்கிறார். பேர் கூப்பிடுகிற இடத்துக்கு வர வேண்டும் என்று தோன்றவில்லையாம். "அத்தன பேரு நோன்பு மச்சான். தூசி விழுந்துட்டா என்ன பண்றது?" என்கிறார். நோன்பாளியின் கஞ்சியைக் காப்பாற்றப் போய் இப்படி ஒரு தப்பு பண்ண எங்கள் ஆட்களால்தான் முடியும். கட்டிப்பிடிப்பதா அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்ய நேரமில்லை. இங்கே நிற்கிற மனுஷனை அங்கே ஒருத்தர் புகைக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்.

கையைக் காதில் வைத்தேன். எனக்கு வேறு விதமாகச் சத்தம் போடத் தெரியாது. பாங்கு சொல்கிற மூச்சை இழுத்து, "கருப்பையா... வாங்க... ஜாபர் இங்க இருக்காரு... குரல் வர்ற பக்கம் வாங்க" என்று நீட்டி நீட்டிக் கூப்பிட்டேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குத் திசை தெரியாது. எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

புகையின் அடியில் ஒரு தலை தெரிந்தது. தவழ்ந்து வருகிறார். ஒரு கையால் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார், கனமாக, நீளமாக. இரண்டு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அது ஜாபர் ஊருக்குக் கொண்டுபோக உருட்டிக் கட்டி வைத்திருந்த புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை. கட்டிலில் கை போட்டபோது கனமாக, கதகதப்பாக இருந்ததாம். ஆள் என்று நினைத்து இழுத்து வந்திருக்கிறார்.

கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டே, "பாய், மச்சான் மூச்சு விடுறாரா பாருங்க" என்றார்.

ஜாபர் போய் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கருப்பையா கண்ணைக் கசக்கிப் போர்வையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், ஜாபரைப் பார்த்தார்.

"கஞ்சிக்கு உப்பாவது போட்டியாய்யா?" என்றார்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சிரித்தவன் எல்லாம் அழுதான். எகிப்துக்காரர் ஓடி வந்து, ஏன் இந்த ஆட்கள் ஒரு போர்வையைச் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள் என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அப்போதும் வட்டத்துக்குள்தான் நிற்கிறேன்.

கருப்பையாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து நோன்பைத் திறந்தோமே தவிர, கஞ்சி யாருக்கும் இறங்கவில்லை. முதல் கோப்பையை ஜாபர் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தே போனார். தன் கையாலேயே ஊட்டி விட்டாராம். உப்பு இல்லை என்று கருப்பையா சொன்னாராம்.

உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நெஞ்சில் புகை கட்டிக்கொண்டது. குரல் போய்விட்டது. பேச்சு வந்தது, அது கரகரவென்று வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. பாட்டு வரவே இல்லை. வெல்டிங் புகை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், காண்ட்ராக்ட் முடிந்ததும் கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. ஏர்போர்ட் வண்டியில் ஏறுகிறபோது நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "விடுங்க பாய். ஆள்னு நெனச்சுத்தானே இழுத்தேன்" என்றார்.

நான் ஊரோடு வந்த பிறகு ஒருமுறை பஸ் ஏறி அவர் கிராமத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எந்த இடம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தக் கேம்ப்பையும் பிரித்துவிட்டார்களாம். இப்போது அங்கே பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன என்று போன வருஷம் அங்கிருந்து வந்த பையன் சொன்னான். மனுஷர் யாரும் படுத்துத் தூங்குகிற இடமில்லை அது. தீயணைக்கிற வேலைக்கும் சம்பளத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம். நல்லதுதான். நோன்பு மாதத்தில் ஒருத்தனுடைய இடத்தில் இன்னொருத்தன் போய் நிற்கிற வழக்கத்தைப் பற்றி அவனிடம் கேட்டேன். அவனுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

நோன்பு திறக்கிறதற்குச் சற்று முன்னால் கேட்கிற துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்பார்கள். வீட்டில் எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிள்ளைகளுக்குக் கேட்பேன், தங்கச்சிக்கும் ஜாபருக்கும் கேட்பேன். கடைசியாகக் கருப்பையாவுக்குக் கேட்பேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எப்படிக் கேட்பது முறை என்றும் தெரியாது, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் விசாரிக்கவும் இல்லை. எங்கே இருந்தாலும் அந்த மனுஷனுக்கு மூச்சு லேசாக வரட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.