எதிரிகள் உள்ளே வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் அத்தாவை நான் சரியாக அறிந்துகொண்டது அவர் கையில் துப்பாக்கி இருந்தபோதுதான். அதற்கு முன்னால் அவர் எனக்கு ஒரு குரல், அவ்வளவே. அப்பாவை அத்தா என்று கூப்பிடும் எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தா என்றால் அப்படித்தான். அரபு நாட்டில் இருந்துகொண்டு, "சாப்பிட்டியா, ஒழுங்கா ஓதுறியா, அம்மா சொல்றதைக் கேக்குறியா" என்று போனில் விசாரிப்பார். எல்லாவற்றுக்கும் "ம்" சொன்னால் போன் அம்மா கைக்குப் போய்விடும். லீவில் பெட்டியோடு வந்து இறங்கும்போது அவரிடம் எனக்குப் பேச்சே வராது. கூச்சம் தெளிந்து பக்கத்தில் போய் உட்காருவதற்குள் அவர் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும்.

இதை மாற்றியது போனில் ஆடும் ஒரு விளையாட்டு. நாலு பேர் சேர்ந்தால் ஓர் அணி. அணிக்கு ஒரு கோட்டை. வேறெங்கோ உட்கார்ந்து ஆடும் இன்னொரு அணி அந்தக் கோட்டைக்குள் புகுந்து பிடிக்கப் பார்க்கும். ஆட்ட நேரம் முடிகிறவரை நம் ஆள் ஒருவராவது உள்ளே உயிரோடு இருந்தால் கோட்டை நமக்கு. எதிரி ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் அவர்கள் பேசுவதும் நம் போனில் கேட்கும். பெரும்பாலும் ஏதோ பாஷையில் திட்டுவதாகத்தான் இருக்கும்.

ஊரடங்கு போட்டுப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த வருஷம் அது. எனக்குப் பதினோரு வயது. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போனில் அண்ணன் இந்த விளையாட்டை இறக்கினான். அம்மாவின் போனில் நான். கடல் கடந்து அத்தா. நாலாவது ஆள் அத்தாவின் அறையில் கூடத் தங்கியிருந்தவர். அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சிக்காரர். கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார் என்று அண்ணன் சொல்வான். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. மாமா என்று கூப்பிடுவேன்.

முதலில் நாங்கள் கேவலமாகத் தோற்றோம். கோட்டை வாசலில் குண்டுச் சத்தம் கேட்டதும் நான் அலறிக்கொண்டு அங்கேதான் ஓடுவேன்.

"அடியே கண்ணு, நில்லு. எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடுனா பின்னாடி யாரு பாக்குறது? முன்னாடி சுடுறவன் நம்மளக் கூப்புடுறான். வர்றவன் அவன் இல்ல. வேற எங்கயோ சத்தமில்லாம ஏறிக்கிட்டு இருப்பான்."

அத்தா சொன்னபடியே பின்பக்க ஏணியில் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். மாமா அவனைச் சுட்டு இறக்கினார். அன்றிலிருந்து அத்தா எனக்கு ஒரு பெரிய ஆள்.

அத்தா சொல்லிக்கொடுத்தது ஏராளம். சுட்ட இடத்திலேயே நிற்காதே, சுட்டுவிட்டு இடம் மாறு. ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு வெளியே போகாதே, அவன் உன்னைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான். காலடிச் சத்தம் மரத்தில் கேட்கிறதா கல்லில் கேட்கிறதா என்று கவனி. மரம் என்றால் படி, கல் என்றால் முற்றம். நம் ஆள் அடிபட்டு விழுந்தால் உடனே அவனிடம் ஓடாதே. முதலில் புகைக்குண்டைப் போடு, புகைக்குள் தவழ்ந்து போய்த் தூக்கிவிடு. குண்டு தீர்ந்தால் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல். விழுந்து கிடக்கிறவனும் சும்மா இருக்கக் கூடாது. எதிரி எந்தப் பக்கம் போனான் என்று கூட்டாளிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

போனில் மூன்று கேள்விக்கு மேல் கேட்கத் தெரியாத மனிதர் மணிக்கணக்கில் பேசினார். நானும் பேசினேன். ஆட்டத்துக்கு நடுவே என் தோழி கோபித்துக்கொண்டதைச் சொன்னேன், கணக்கு புரியாததைச் சொன்னேன். "அதுக்கு வர்றேன், மொதல்ல அந்த சன்னலை வுட்டு நகரு" என்பார். ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் கணக்குக்கு வருவார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "அத்தாவும் புள்ளைங்களும் கூடிக்கிட்டு மனுசனச் சுடுறீங்களே, இது ஒரு வெளாட்டா?" என்பாள். ஆனால் எங்கள் மூவரின் சிரிப்புச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

கொஞ்ச நாளில் அத்தா எப்போது கூப்பிட்டாலும் வர ஆரம்பித்தார். காலையில் கூப்பிட்டால் காலையில், மதியம் கூப்பிட்டால் மதியம். வேலைக்கு லீவான வெள்ளிக்கிழமை மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்த அத்தா எல்லாக் கிழமையிலும் கிடைத்தார். அம்மா ஒருமுறை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"ஏங்க, வேலைக்குப் போவலையா நீங்க?"

"ஷிஃப்ட்டு மாத்திட்டாங்க. எங்கயும் ஊரடங்குதான? கெடங்குல அவ்வளவா வேலை இல்ல."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அந்த ஊரடங்கின் மேல் பிரியமே வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அண்ணன் காதில் ஹெட்செட் மாட்டியிருந்தான். வீட்டில் ஹெட்செட் ஒன்றுதான் என்பதால் என் போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. எதிரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். முன்வாசலில் சரமாரியாகச் சுட்டார்கள்.

"போவாத. ஏமாத்துறான். நீ படியப் பாரு" என்றார் அத்தா.

நான் படியைப் பார்த்தேன். அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அத்தா, கதவத் தட்டுறான்!"

அந்த விளையாட்டில் கதவைத் தட்ட முடியாது. உடைக்க மட்டும்தான் முடியும். அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. மறுபடியும் இடித்தார்கள். ஏதோ பெரிதாக விழுந்தது. பல ஆண் குரல்கள் ஒரே சமயத்தில் கத்தின. அரபு மொழியா இந்தி மொழியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரும்புக் கட்டிலைத் தரையில் இழுப்பது போலக் கிரீச்சென்று ஒரு சத்தம். கண்ணாடி உடைந்தது.

திரையில் அத்தாவின் ஆள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். ஏணியில் ஏறி வந்த எதிரி அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றான்.

"அத்தா! பின்னாடி! பின்னாடி நிக்கிறான், சுடுங்க!"

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தாவின் குரல் கேட்டது. ஆனால் என்னிடம் பேசவில்லை. "சாப், சாப்" என்று யாரிடமோ கெஞ்சியது. உடைந்த இந்தியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. கோட்டைக்குள் எத்தனை எதிரி வந்தாலும் பதறாத குரல் அது. இப்போது நடுங்கி, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பையனுடையது போல இருந்தது.

அத்தாவின் ஆளை எதிரி சுட்டான். அவர் விழுந்தார்.

அப்போது மாமாவின் குரல் தமிழில் தெளிவாகக் கேட்டது. "பாய், போனு ஆன்ல இருக்கு பாய். புள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்குதுங்க."

கத்தலுக்கு நடுவே போனைக் கையில் எடுக்கும் கரகரப்பு. பிறகு அத்தா பேசினார். மூச்சு வாங்கியது. ஆனாலும் குரல் பழைய குரலாக மாறியிருந்தது.

"கண்ணு, பயப்படாத. எதிரி டீமுக்காரனுங்க மைக்க ஆன் பண்ணிட்டுக் கத்துறானுங்க. நீ வெளாடு. படிய வுடாத, என்ன?"

"சரித்தா" என்றேன்.

அவ்வளவுதான். சத்தம் அடங்கியது. அத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது. மாமாவுடையதும் அணைந்தது.

நான் நம்பினேன். எதிரியின் குரல் கேட்கும் என்பது தெரிந்ததுதானே? இவ்வளவு கெட்டவர்களா என்று திகிலாக இருந்தது, ஆனாலும் நம்பினேன். அத்தா சொன்னபடி புகைக்குண்டைப் போட்டுத் தவழ்ந்து போய் அவரைத் தூக்கிவிடப் பார்த்தேன். அவர் எழவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தேன். ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். எல்லாச் சத்தமும் அவனுக்குக் காதுக்குள்ளேயே கேட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிறவன். அவனுக்குக் கொஞ்சம் இந்தி புரியும். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, வெளாடு!" என்றேன். அவன் அசையவில்லை.

நான் படிக்கு அடியில் பதுங்கிக்கொண்டேன். எதிரிகள் தலைக்கு மேலே மரப்பலகையில் நடந்தார்கள். மூச்சுவிடாமல் இருந்தேன். நேரம் முடிந்தது. என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திரை முழுக்கப் பொன்னிறமாக வெடித்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தேன். "நான் ஒருத்தியா ஜெயிச்சுட்டேன்!"

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. மாவுக் கையோடே என் போனை வாங்கி அத்தாவின் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே பெண். திரையெல்லாம் மாவு அப்பியது. "யா அல்லாஹ்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் சத்தமாக அழுதிருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். அம்மா சுவரோரமாக உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ஜெயித்ததை யாரும் கேட்கவில்லை என்று எனக்கு அழுகை வந்தது.

தகவல் வருவதற்குச் சில நாள் ஆகிவிட்டது. அண்ணன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. அம்மா சொல்லாதே என்றிருக்க வேண்டும். பிறகு ஏதோ புது நம்பரிலிருந்து அத்தா பேசினார். "ரூமு மாத்திட்டோம்டா, அதான் சிக்னல் இல்ல" என்றார். நான் தனியாகக் கோட்டையைக் காப்பாற்றியதை மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்படியா! அப்படியா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெருப் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லித் திரிந்தேன். எதிரிகள் எப்படிக் கத்தினார்கள், கண்ணாடியை எப்படி உடைத்தார்கள் என்று நடித்துக் காட்டினேன்.

சில வாரம் கழித்து, ஊர் திரும்ப முடியாமல் கிடந்தவர்களுக்காக விட்ட தனி விமானத்தில் அத்தா திருச்சி வந்து இறங்கினார். பெரம்பலூரில் ஒரு கல்லூரி விடுதியில் தனிமையில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டி இல்லை, தோளில் ஒரு பை. அம்மாதான் வாசலுக்குப் போய் அந்தப் பையை வாங்கினாள். அது இருக்கிற லட்சணத்துக்கு இரண்டு கையாலும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அத்தா இளைத்துப் போயிருந்தார். எனக்கு இந்தத் தடவை கூச்சம் இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு அத்தா சிறுவாச்சூரில் நெடுஞ்சாலையோரம் இருந்த இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் பஸ் பிடித்தால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். வந்ததும் கால் கழுவி, தொழுது, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். போனைக் கொண்டுபோய் நீட்டினால், "நாளைக்கு ஆடலாம் கண்ணு" என்பார். வெள்ளிக்கிழமையும் கடை உண்டு. ஒரே ஒருமுறை உட்கார்ந்தார். முதல் குண்டுச் சத்தம் கேட்டதுமே போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குக் கோபமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். கழுத்தில் ஜெபமாலை நிஜமாகவே இருந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே போனார். கம்பெனியை மூடிய பிறகு சம்பளமும் இல்லாமல் ஊருக்கு விமானமும் இல்லாமல் அந்த அறையிலேயே கிடந்தது. குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டுத் தின்றது. கரண்டை நிறுத்திவிட்டதால் போனுக்குச் சார்ஜ் போடக் கீழே இருந்த டீக்கடைக்காரரிடம் கெஞ்சியது. கடைசியில் வாடகை பாக்கிக்காகக் கட்டிடக்காரன் ஆட்களோடு வந்து கதவை உடைத்துச் சாமான்களைத் தெருவில் எறிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவுலயும் பாய் ஒரு நாள்கூட ஆட்டத்தத் தவற வுடல தங்கச்சி. போன்ல சார்ஜ் கொஞ்சமா இருந்தாகூட, யாருக்கும் பேச மாட்டாரு. புள்ளைங்க கூப்புடும், இருக்கட்டும்பாரு."

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது கடைசியில் சொன்னது மட்டும்தான். அத்தா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

நான் அத்தாவின் முழங்கையைப் பிடித்து ஆட்டினேன். "அங்க இருந்தப்பதான் நீங்க நல்ல அத்தா. இங்க வந்து வெளாடவே மாட்டேங்குறீங்க. நீங்க மறுபடியும் அங்கயே போயிடுங்க."

மாமா டீ கிளாஸைத் தரையில் வைத்தார். அம்மா "ஏய்!" என்று கையை ஓங்கினாள். அத்தா அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சிரித்தார்.

"ஆமாடா கண்ணு. அங்க நேரம் நெறைய இருந்துச்சு."

நான் சொன்னதை அவரே ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். அம்மாவை வெற்றியோடு பார்த்தேன்.