பிளக்கின் நீளமான கால்

அந்தப் பிளக்கை மேசையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், மூன்று பித்தளைக் கால்களில் ஒன்று மற்ற இரண்டையும்விட நீளம். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சுவரில் செருகும்போது முதலில் தொடுவது அந்தக் கால். பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுதான். மின்சாரம் உள்ளே வரும் முன்பே, தவறிப்போனால் அது மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி திறந்துவிடுகிறது. அந்த வழியை இரண்டு வருடங்களுக்கு முன் இடுக்கியால் வெட்டியவன் நான். வெட்டிய பிளக்கை எறியாமல் கல்ஃப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தவள் மைனி, என் அண்ணனின் மனைவி.

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே பத்து சென்டில் எங்கள் வீடு. ஒருகாலத்தில் அது நிலவுடைமைக்காரர்களான மேலேவீட்டுக்காரர்களின் விளை, தென்னந்தோப்பு. அப்பா அதன் மூலையில் குடிசை போட்டு அவர்களுக்கு வேலை செய்த குடிகிடப்புக்காரர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து அந்தப் பத்து சென்ட் அப்பா பெயருக்குப் பதிந்தபோது எனக்கு நடக்கத் தெரியாது. பிறகு அண்ணன் ஷார்ஜாவுக்குப் போனான். நான்காம் வருட விடுமுறையில் துணி துவைக்கும் மெஷினோடு வந்தான். கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓலைச் சாய்ப்பு இறக்கி அதை நிறுத்தினோம். பிளக்கின் சதுரக் கால்கள் எங்கள் வீட்டு இரண்டு துளை சாக்கெட்டில் நுழையவில்லை. “நீ காலேஜில படிக்கியவன்லா, நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் மாமனாரைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் இயற்பியல் மாணவன். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிளக்கை வெட்டி எறிந்தேன். இரண்டு வயர்களைத் துளைகளில் விட்டுத் தீக்குச்சிகளைச் செருகி இறுக்கினேன். பச்சையும் மஞ்சளுமாக ஒன்று மிஞ்சியது. அதை ஒட்ட நறுக்கினேன்.

“அது எதுக்குள்ளது மக்கா?” என்று மைனி கேட்டாள்.

“கரண்டு ஒரு வயர்ல வரும் மைனி, அடுத்ததுல போவும். மூணாமத்தது சும்மா ஆக்கும்.”

“சும்மா கெடக்கிய ஒண்ண அவன் எதுக்கு மெனக்கெட்டு வைக்கான்?”

சிரித்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியாதபோது சிரிப்பது எனக்கு அப்போதெல்லாம் எளிதாக வரும்.

ஒரு வாரத்தில் மைனி வந்து சொன்னாள், “எலே மக்கா, இது கடிக்குது. எறும்பு கடிக்கிய மாதிரி.” என் ரப்பர் செருப்பைக் கொடுத்துப் போட்டுக்கொண்டு தொடச் சொன்னேன். கடி நின்றது. பெரிய கண்டுபிடிப்பு செய்தவனைப்போல நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது காது சூடாகிறது. அன்றிலிருந்து அது மெஷின் செருப்பு. சாய்ப்புத் தூணில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டக்கா வேலிக்கு மேலாகக் கேலி செய்வாள்: “சந்தைக்குப் போவ வெறுங்கால், துணி அலக்கச் செருப்பு! உனக்க நடப்பு கொள்ளாம் பிள்ளே.” மைனியும் சிரிப்பாள். மெஷினுக்குள் ஏதோ கெட்டுவருகிறது என்று அந்த எறும்புக்கடி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் செருப்பால் அதன் வாயை அடைத்தோம்.

இரண்டாம் வருட ஓணத்துக்கு முந்தைய வாரம் மேலேவீட்டம்மா வந்தார். கல்ஃபிலிருக்கும் அவருடைய மருமகனும் மெஷின் அனுப்பப் போகிறாராம், ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். நான் அடுக்களை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மைனி மெஷினருகே செருப்போடு நின்றாள். மேலேவீட்டம்மா படியிறங்கி வருவதைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகச் செருப்பிலிருந்து விலகின. ஒரு காலால் அதைத் தூணோரம் தள்ளிவிட்டாள். பத்திரம் எங்கள் பெயரில் இருந்தது. முற்றம் எங்களுடையது. யாரும் கழற்றச் சொல்லவில்லை.

“மூடியத் தெறந்து காட்டு பிள்ளே. துணி எப்பிடிக் கறங்குதுன்னு பாக்கட்டு.”

ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நின்று மைனி மூடியைப் பிடித்தாள். சத்தமே வரவில்லை. உடம்பு விறைத்தது, கை விடவில்லை. அம்மா அவளை இழுக்கக் கை நீட்டினார். “தொடாதுங்கோ!” என்று கத்திக்கொண்டு ஓடிச் சுவிட்சைத் தட்டினேன். மைனி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. உயிர் இருந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார், “செருப்ப என்னத்துக்கு பிள்ளே கழத்துன?”

“நீங்க வந்தியள்லா” என்றாள் மைனி.



கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் வீட்டுத் துணிகளைக் கல்லில் நான் துவைத்தேன். ஒருநாள் பிழிந்துகொண்டே சொன்னேன், “மைனி, அந்த மூணாமத்த வயர வெட்டினது தப்பு. எல்லாம் என்னாலதான்.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும். வெட்டினத எடுத்து வச்சிருக்கேன் பாரு” என்று பிஸ்கட் டின்னைக் காட்டினாள். “இனி நீ சிரிக்காம பதில் சொல்லு. மெஷின் மறுபடி ஓடுமா, ஓடாதா?”

அன்றிரவுதான் பிளக்கின் நீளமான காலைப் பார்த்தேன். பிறகு சந்திப்பிலுள்ள வயர்மேனிடம் போய், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிக் கேட்டேன். கிணற்றோரம் குழி தோண்டினோம். இரும்புக் குழாயை இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மோட்டாரைக் கழற்றிக் கொடுத்து, உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி வாங்கினோம். மூன்று துளை சாக்கெட்டும் அதற்கேற்ற புதுப் பிளக்கும் வந்தன. பச்சை வயர் குழாயோடு சேர்ந்தது. இனி மெஷினின் உடம்பில் மின்சாரம் ஏறினால் அது மண்ணுக்குப் பாயும், ஃபியூஸ் எரியும், ஆள் பிழைப்பார். எல்லாம் முடிந்ததும் மைனி தள்ளியே நின்றாள்.

“நீ மொதல்ல தொடு மக்கா. செருப்பில்லாம.”

டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்த்துவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று தொட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் கை வைத்தாள். இப்போதும் துணியை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலேவீட்டுக்கு மெஷின் வந்துவிட்டது. “சாக்கெட்டுல கேறல்ல, உனக்க கொழுந்தன் வந்து வெட்டி ஒட்டித் தரட்டு” என்று மேலேவீட்டம்மா மைனிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளை காலையில் போகிறேன். இடுக்கியை எடுத்துப்போகப் போவதில்லை. மண்வெட்டியும் கரி மூட்டையும் போதும், வயர்மேன் குழாயோடு வருவார். அவர்கள் கிணற்றோரம் பாறை, எங்கே தோண்டுவது என்று இன்னும் தெரியவில்லை. மைனியும் வருகிறாள். செருப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த முற்றத்தில் அவள் அதைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் மெஷின் கடிக்கக் கூடாது. டின்னிலிருந்த பழைய பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழி எதற்கு என்று அம்மா கேட்டால், முதலில் அந்த நீளமான காலைத்தான் காட்டுவேன்.