அஞ்சலை கை வைத்த சுவர்

சென்ற மாதம், எங்கள் ரப்பர் தோட்டம் இருக்கும் யோங் பெங் பக்கமிருந்து மரம் ஏற்றி வந்த லாரிக்காரர், நான் வேலை பார்க்கும் கிடங்கில் இறங்கியதும் சொன்னார்: "அண்ணே, உங்க ஊரு கருநாக்குக்காரி போயிட்டாங்களாம். நேத்துத்தான் எடுத்தாங்களாம்." அவருக்கு அவள் பெயர்கூடத் தெரியவில்லை. அவள் பெயர் அஞ்சலை. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அந்தப் பட்டத்தை அவளுக்கு வைத்தவன் நான். அதை ஒப்புக்கொள்ளாமல் அவளுக்கு அஞ்சலி எழுதினால் என் கை விளங்காது.

அவளை அறிந்தவர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடமும் தெரிந்திருக்கும். ரப்பர் ஆலையின் புகைக்கூடத்தை ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே செங்கல் சுவர். அந்தப் பக்கம் ரப்பர் தாள்கள் புகையில் தொங்கும். இந்தப் பக்கம் நாங்கள் வாய்ப்பாடு கத்துவோம். மழைக்காலத்தில் சுவரோரப் பெஞ்சுக்கு அடிதடியே நடக்கும். முதுகுக்கு அப்படியொரு வெதுவெதுப்பு. உள்ளே அடுப்புக்கு விறகு போடுபவர் அஞ்சலையின் அப்பா. அவரிடம் பழகிக்கொண்டாளோ என்னவோ, காலையில் வந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். "சுவரு பொய் சொல்லாதுடா" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் அவள் அப்பாவுக்குக் காய்ச்சல். முனியன் என்ற புது ஆள் அடுப்பைப் பார்த்தார். அன்று அஞ்சலை வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். "ஐயா, சுவரு சரியில்ல. உள்ள தீ தப்பா எரியுது" என்று வாத்தியாரிடம் சொன்னாள். "காலங்காத்தால அபசகுனமா பேசாத, உட்காரு" என்று அவர் அதட்டினார். அவள் உட்காரவில்லை. வெளியே ஓடி ஆலைக் கிராணியிடமே சொன்னாள். ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். அவர் சொன்னால்தான் ஆலையில் எதுவும் நடக்கும். "உங்கப்பன் இல்லாட்டி ஆலை ஓடாதா? போய்ப் படி" என்று விரட்டிவிட்டார்.

திரும்பி வந்தவள், சுவரோரம் இருந்த சின்னப் பிள்ளைகளின் சிலேட்டுகளை வாரிக்கொண்டு ஓடினாள். அவர்கள் அழுதபடி பின்னால் ஓட, வாத்தியார் பிரம்போடு துரத்த, வேடிக்கை பார்க்க நாங்களும் ஓடினோம். நாங்கள் முற்றத்தில் நிற்கும்போதே தீ கூரைக்கு வந்துவிட்டது. சுவர் எங்கள் பெஞ்சின் மேல் சரிந்தது. உள்ளே இருந்த முனியன் வெளியே வரவே இல்லை.

மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரை விசாரிக்க வந்தார். தீ பற்றப்போவது யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டார். கிராணி முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்திருந்தது. பத்து வயதில் எனக்கு வாய் நீளம். முந்திக்கொண்டு சொன்னேன்: "அஞ்சலைக்குத் தெரியும். அவளுக்குக் கருநாக்கு. சொன்னா பலிச்சிரும்."

கிராணியின் முகம் தெளிந்ததை இன்னும் மறக்கவில்லை. "ஆமாங்க துரை, அந்தப் பொண்ணு வாயி அப்படித்தான். நேத்து எங்கிட்ட வந்து சாபம் குடுத்துட்டுப் போச்சு" என்றார். துரை சிரித்துவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அவளுக்கு இலை போடவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள். பள்ளியில் மறுபடி சேர்க்கவில்லை. அவள் புல்வெட்டப் போனாள். நான் படித்தேன்.

பெரியவனான பின் ஒருமுறை மன்னிப்புக் கேட்கப் போனேன். வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "நீ சின்னப் பய. பெரியவங்க ஒரு சொல்லத் தேடிக்கிட்டு இருந்தாங்க, நீ எடுத்துக் குடுத்துட்ட" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் டவுனுக்குத் திரும்பிவிட்டேன்.

பள்ளியை அதே புகைக்கூடத்தை ஒட்டியே திரும்பக் கட்டினார்கள். வேலைக்குப் போகும் வழியில் அஞ்சலை தினமும் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள். மந்திரம் வைக்கிறாள் என்று தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். மறுநாளும் அவள் கை வைத்துவிட்டுத்தான் போனாள்.

கருமாதிக்குப் போனேன். ஐந்து பேர் இருந்தோம். "கடைசி நாள்கூட சுவத்துக்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னுச்சு. தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லப்பா" என்று அவள் அப்பா அழுதார். அன்று என் தங்கை மகள் ஓடிவந்து, "மாமா, எனக்கு இப்ப சுவரோரப் பெஞ்சு!" என்று பெருமையாகச் சொன்னாள்.

டவுனுக்குத் திரும்புமுன் அந்தச் சுவரில் நானும் கை வைத்தேன். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். சுவர் சுட்டது. எவ்வளவு சுட்டால் தப்பு என்பது அவளுக்குத் தெரியும். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அங்கே பிள்ளைகளை அனுப்பியிருப்பவர்களே, நாளைக் காலையில் நீங்களும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். இப்படிச் சொல்வதால் எனக்கும் கருநாக்கு என்பீர்களானால், தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.