அம்சவள்ளிக்குப் பிடிக்காத காட்சி

அம்சவள்ளியால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடப்பாள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் அவள் வார்டன். நர்சிங் படிக்கும் பெண்களும் துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களும் அங்கே தங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் அம்சா அக்கா.

சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். உளுந்தூர்பேட்டைக்குக் கல்யாணமாகிப் போய், சில வருஷத்தில் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒத்து வரல" என்பதற்கு மேல் பேசியதில்லை. கரும்பு வெட்டுக்கு எல்லோரும் வயலுக்குப் போய்விட்ட ஒரு மத்தியானம், அப்பா வீட்டில் தனியாக இருந்தவள் டிவியில் ஏதோ பேய்ப்படத்தைப் பார்த்தாள். படம் முடிந்த பிறகுதான் கவனித்தாள், அவ்வளவு நேரமும் அவள் கால்கள் ஆடாமல் இருந்திருந்தன. அன்றிலிருந்து விடவில்லை. ஹாஸ்டல் வேலைக்கு வந்து போன் வாங்கியதும் பேய், பிசாசு, கத்தியோடு அலையும் முகமூடிக்காரன் எல்லோரும் அவள் தலையணைப் பக்கத்துக்கே வந்துவிட்டார்கள்.

பார்ப்பதோடு நிறுத்தமாட்டாள். அபிப்பிராயம் சொல்வாள். அதைக் கேட்கவென்றே ஜெயசுதா இருந்தாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். வேலை முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

"இப்ப வர்ற கொலகாரப் படமெல்லாம் பண்டிகைய வுடமாட்டேங்குது ஜெயா. கிறிஸ்மஸ்ஸுக்கு ஒருத்தன், நியூ இயருக்கு ஒருத்தன், காதலர் தினத்துக்கு ஒருத்தன். அடுத்து போகிக்கு மேளம் அடிச்சிக்கினு ஒருத்தன் வருவான் பாரு, பொகையில மூஞ்சியே தெரியாது."

"அத நீயே எடுக்கலாம்க்கா."

"நான் எடுத்தா நல்லா எடுப்பேன். இவனுங்களுக்கு ஒரு வூட்டக் காட்டத் தெரியல. எந்தக் கதவு எங்க தொறக்குது, வெளக்கு எங்க இருக்குது, ஓடுனா எப்படி ஓடணும், அது மொதல்ல நமக்குப் புரியணும். அப்பதான் அவன் வர்றப்ப வயிறு கலங்கும். இவனுங்க சத்தத்தப் போட்டே தூக்கிப் போட வெக்கிறானுங்க. சத்தத்துக்குக் குக்கர் விசில் போதாதா?"

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து வரும் பேய்த் தொடர்கள் மீது அவளுக்கு இன்னும் கோபம். முப்பது வயது ஆளுக்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்டுப் பதினாறு என்கிறார்கள். ரெண்டு மணி நேரக் கதையை எட்டு பாகமாக இழுக்கிறார்கள். தமிழ் டப்பிங்கில் பேய்கூட செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறது. எல்லாவற்றையும்விட ஒரு காட்சி அவளுக்கு அறவே பிடிக்காது. பயந்துபோன பெண் வந்து, யாரோ இருக்கிறார்கள் என்று சொல்வாள். அம்மாவோ டீச்சரோ நம்பமாட்டார்கள்.

"எவளாவது அப்படி இருப்பாளா? ஒரு பொண்ணு நடுங்கிக்கினு வந்து சொல்லுது, எழுந்து போய்ப் பாக்க இன்னா கேடு? கதை எழுதுறவனுக்கு வேற வழி தெரியல. அதான் பெரியவங்களை எல்லாம் கேணையாக்கி வுட்டுர்றான்."

டிசம்பர் கடைசியில் விடுமுறைக்குப் பாதிப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் இருந்து நர்சிங் படிக்க வந்திருந்த சுபஸ்ரீ, ஆஸ்பத்திரி டியூட்டிக்காகத் தங்கிவிட்டாள். அதிகம் பேசாத பெண். அம்சவள்ளியின் போனில் தலையை நீட்டி அவளும் சில நாள் படம் பார்ப்பதுண்டு.

ஒருநாள் இருட்டிக்கொண்டு வரும் நேரம், ஈரத் தலையோடு சுபஸ்ரீ வந்து நின்றாள். துண்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அக்கா, கடைசி பாத்ரூம் ஜன்னல்ல யாரோ பாக்கறாங்க."

அம்சவள்ளி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வனாந்தரத்து விடுதி ஒன்றில் நடக்கும் தொடரின் ஆறாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னோட சேந்து பாத்த இல்ல, அதான். கண்டத நெனச்சிக்கினு குளிக்காத, போ."

"இல்லக்கா. நேத்தும் இருந்துச்சி."

"பூனையா இருக்கும் சுபா. போய்த் தலைய தொவட்டு, சளி புடிக்கப் போவுது."

சுபஸ்ரீ துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள். அம்சவள்ளி தொடரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கால்கள் ஆட ஆரம்பித்தன. பேய் வந்தது, போனது, அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. போனை அணைத்துவிட்டு எழுந்து நடந்தாள். வராந்தாவின் அந்த முனைக்குப் போய்த் திரும்பும்போதுதான், தான் சொன்னது இன்னதென்று உறைத்தது. யாரை இத்தனை நாளும் கேணை என்று திட்டினாளோ அவளுடைய வசனத்தை வார்த்தை பிசகாமல் பேசியிருந்தாள். கன்னம் சூடாகிவிட்டது. சுபஸ்ரீயின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை போய், திரும்பி வந்தது. இன்னதென்று பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

விடிந்ததும் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. கடைசி பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே செங்கற்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் ஒன்றைக் காணவில்லை. அவள் எதையும் தொடவில்லை. சுபஸ்ரீயிடம் வந்து, "நீ சொன்னது நெசந்தான். நான் எழுந்து வந்து பாத்துருக்கணும்" என்றாள். சுபஸ்ரீ தலையை மட்டும் ஆட்டினாள். அழுவாள் என்று அம்சவள்ளி எதிர்பார்த்தாள், அழவில்லை. "இன்னைக்கும் வருவான்க்கா" என்றாள்.

அன்று பொழுது சாயும்போது ஜெயசுதா அந்த பாத்ரூமுக்குள் போய் விளக்கைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அம்சவள்ளி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை படம் பார்த்தவளுக்கு ஒரு காட்சிகூட உதவிக்கு வரவில்லை. கொசு கடித்தது. எழுந்து நடந்தால் தேவலை போலிருந்தது.

பக்கத்து மனைச் சுவரில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு கால். குதித்தவன் பழக்கப்பட்ட இடம் போல வந்து செங்கல் மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தான். கத்தவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். குரல் வரவில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். செங்கல் சரிந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பெண்கள் விளக்குமாறும் வாளியுமாக ஓடி வந்தார்கள்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பிரவீன்குமார். ஹாஸ்டல் ஓனர் லட்சுமியம்மாளின் அக்கா மகன். தண்ணி மோட்டார் ரிப்பேரானால் வந்து பார்ப்பவன். அன்று காலைகூட அம்சவள்ளி கையால் டீ வாங்கிக் குடித்தவன். "அக்கா, அக்கா, வுட்ருக்கா" என்று கெஞ்சினான்.

லட்சுமியம்மாள் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அக்கா மகனைக் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"அம்சா, அவன் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டான். நான் பொறுப்பு. வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணுங்க பேருதானே கெடும்? நாளைக்கு எவன் வூட்ல பொண்ண அனுப்புவான்?"

அம்சவள்ளி பெண்களைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கடி" என்றாள்.

சுபஸ்ரீதான் செருப்பைத் தேடி மாட்டினாள். "போலாம்க்கா" என்றாள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் போனை வாங்கிப் பார்த்த பெண் ஆய்வாளரின் முகம் மாறியதை அம்சவள்ளி பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பிரவீன்குமாரை உள்ளே வைத்தார்கள். அந்த வாரமே சுபஸ்ரீயின் அப்பா சின்னதுரை மலையிலிருந்து வந்து மகளையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போனார். லட்சுமியம்மாள் அம்சவள்ளியை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு அவள் ரிஷிவந்தியம் போனாள். அங்கே அவளால் இருப்புக்கொள்ள முடியவில்லை. தம்பி பெண்டாட்டி அரிசி களையும் சத்தத்துக்கும் மாடு தலையாட்டும் சத்தத்துக்கும் எழுந்து நின்றாள். படம் போட்டால் ஐந்து நிமிஷத்தில் அணைத்தாள். அந்த நேரத்தில்தான் ஜெயசுதா கூப்பிட்டாள். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள், சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள அக்கா வர வேண்டும் என்றாள்.

"சுபா வர்றாளா?"

"அவங்கப்பா படிப்பே வேணாம்னு சொல்லிட்டாராம்க்கா."

மறுநாள் அம்சவள்ளி வெள்ளிமலை பஸ் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னதுரை மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் வந்த காரணத்தைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அங்க இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொல்லுவீங்களாம்மா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட அவள் வாய் துடித்தது. அடக்கினாள்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சுபா எங்கிட்ட மொதல்ல வந்து சொன்னப்ப நான் நம்பல. அவ ரெண்டாவது தரம் சொல்லியும் தொரத்தி வுட்டேன். அத அவ உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா. இனிமே அவ எது சொன்னாலும் எழுந்து போய்ப் பாப்பேன். அத மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்."

சின்னதுரை மகளைத் திரும்பிப் பார்த்தார். காட்டு வரப்பில் கூடையோடு நின்றிருந்த சுபஸ்ரீ, "நான்தான் ஸ்டேஷனுக்குப் போலாம்னு சொன்னேன்ப்பா" என்றாள். "தப்பு பண்ணவன் ஜாமீன்ல வந்து மோட்டார் ரிப்பேர் பாத்துக்கினு இருக்கான். நான் ஏன் கெழங்கு பொறுக்கணும்?"

சின்னதுரை இன்னும் இரண்டு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். பிறகு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அம்சவள்ளியிடம் கேட்டார். சுபஸ்ரீ கூடையை அங்கேயே வைத்துவிட்டு பெட்டியை எடுக்க வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அம்சவள்ளியால் அங்கே சும்மா நிற்க முடியவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையை எடுத்துச் சிதறிக்கிடந்த கிழங்குகளைப் பொறுக்கிப் போடத் தொடங்கினாள்.