புல்லாங்குழலுக்கு ஒரு கோயில்

அன்று வெள்ளவத்தை ஸ்டூடியோவில் இருந்தவர்கள் மூவர்: முதலாளி யோகன் அண்ணை, கொட்டாஞ்சேனைப் பாடகர் குழுவின் ஜெசிந்தா டீச்சர், பதிவு வேலை பார்த்த நான். வராதவர்கள் வயலின்காரர்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தில்; போரால் பாதை மூடிக் கிடந்தது. ஆகவே ஓர்கெஸ்ட்ரா முழுவதையும் கொம்பியூட்டரிலேயே அமைத்திருந்தோம். மறுநாள் தேவாலயத்துத் திருநாள் பூசையில் பிள்ளைகள் அதனோடு பாட வேண்டும். கேட்டுத் திருத்தாமல் சீடியில் ஏற்ற டீச்சர் சம்மதிக்கவில்லை. இருட்டிய பிறகு செக்பொயின்ற்றுகளைத் தாண்டிப் போகவும் அவர் தயாரில்லை.

பிளேயை அழுத்தினேன். பாட்டு இரண்டு வரி ஓடி, படபடவென்று வெடித்து நின்றது.

"தம்பி, மெமரி காணாது" என்றார் அண்ணை. உடனே கடைக்குப் போன் எடுத்து, புதியது ஒன்றை ஓட்டோவில் வரவழைத்துப் பூட்டச் செய்தார். மறுபடி அழுத்தினேன். அதே இரண்டு வரி, அதே வெடிப்பு.

எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்த முதல் ஆள் நான். கையேடு என்றால் அட்டை முதல் அட்டை வரை வாசிப்பேன். வாத்திய ஒலிகள் தங்குவது மெமரியில். அதில் குறை இல்லை. புரொசெஸரைத் தின்றது கொன்வொலூஷன் ரிவர்ப். ஒரு பெரிய கோயிலுக்குள் எடுத்த எதிரொலிப் பதிவை நம் ஒலியின் ஒவ்வொரு துளியோடும் பெருக்கிக் கூட்டுகிற கணக்கு அது. அண்ணையின் உத்தரவுப்படி அதை, வாத்தியத்துக்கு ஒன்றாக இருந்த இருபத்து நான்கு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போட்டிருந்தோம்.

இதை விளக்கியதும் டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "யோகன், உங்க யாழ்ப்பாணத்துல வீட்டுக்கு வீடு தனிக் கிணறு, தனி வேலி. சரி. அதுக்காக வயலினுக்கு ஒரு கோயில், புல்லாங்குழலுக்கு ஒரு கோயிலா? எங்க கொட்டாஞ்சேனை லேன்ல எல்லாருக்கும் ஒரே தண்ணிப் பைப்தான்."

"கலந்தா ஊத்தையாக் கேக்கும், டீச்சர்."

"பூசைக்கு வாறவங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழதானே பாடுறாங்க."

அண்ணை திரையில் ட்ராக்குகளை விரலால் எண்ணினார். பிறகு, "சரி, எல்லாத்துக்கும் ஒண்டு போடு. தனி வயலினுக்கு மட்டும் வேற ஒண்டு இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வேலியை நாங்கள் தொடவில்லை.

ரிவர்ப்பைப் பொதுச் சானல் ஒன்றில் போட்டு, மற்ற ட்ராக்குகளை அதற்குள் அனுப்பினேன். பாட்டு முடிவுவரை ஓடியது. வெளிச்சம் இருக்கும்போதே டீச்சர் சீடியோடு வீட்டுக்குப் புறப்பட்டார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கொம்பியூட்டர் திணறினால் கடைக்குப் போன் எடுப்பதற்கு முதல், எது தின்கிறது என்று திரையில் புரொசெஸர் மீட்டரைப் பாருங்கள். பூட்டிக் கழற்றிய மெமரியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஓட்டோக் கூலியும் சேர்த்து எங்களுக்குப் போனது எண்ணாயிரத்து எண்ணூறு ரூபாய்.